வைஃபை, சிம், உலாவி: முதலில் எதை அணைப்பது?

பாதுகாப்பு என்றதும் பலரும் ஆப் ஸ்டோரைத் திறந்து எதையாவது இறக்கத்தான் பார்க்கிறார்கள். ஆன்டிவைரஸ், இலவச விபிஎன், ஃபோனைச் ‘சுத்தம்’ செய்யும் ஆப் என்று அது போய்க்கொண்டே இருக்கும். இந்தக் கட்டுரையில் இறக்குவதற்கு ஏறக்குறைய எதுவும் இல்லை. பெரும்பாலும் சில பொத்தான்களை அணைக்கப் போகிறோம்.

காரணம் இதுதான். கடந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வாங்கிய ஃபோனிலும் ரவுட்டரிலும் நல்ல பாதுகாப்பு நெறிமுறைகள், அதாவது கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிகள், ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் பழைய கருவிகளோடும் பேச வேண்டுமே என்று பழைய நெறிமுறைகளையும் தயாரிப்பாளர்கள் உயிரோடு விட்டுவைத்திருக்கிறார்கள். உடைக்க வருபவர் புதியதோடு மல்லுக்கட்டுவதில்லை. உங்கள் கருவியைப் பழையதற்கு இறக்கிவிட்டு, அங்கே வேலையை முடித்துக்கொள்கிறார். அதனால் பழையதை ஒவ்வொன்றாக அணைப்பதுதான் நம் வேலை.

மெனுப் பெயர்கள் ஃபோனுக்கு ஃபோன், ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும். நான் சொல்லும் பெயர் அப்படியே கிடைக்காவிட்டால், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள்.

எந்தத் துண்டுக்கு எந்தக் காவல்

ஃபோனில் வங்கி ஆப்பைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். தகவல் காற்று வழியாக ரவுட்டருக்கோ டவருக்கோ போகிறது. அங்கிருந்து இணைய நிறுவனத்தின் கம்பி, அப்புறம் பல ஊர் தாண்டி வங்கியின் சர்வர். வைஃபை பாஸ்வேர்ட் காப்பது ரவுட்டர் வரைக்கும்தான். சிம் அட்டையின் காவல் டவரையும் அதற்குப் பின்னாலுள்ள கைப்பேசி நிறுவனத்தையும் ஒட்டியே முடிந்துவிடும். ஆப்பிலிருந்து சர்வர் வரை முழுப் பாதைக்கும் துணை போவது டிஎல்எஸ் எனும் நெறிமுறை. உலாவியில் முகவரிக்கு முன்னால் ‘ஹெச்டிடிபிஎஸ்’ என்று பார்க்கிறீர்களே, அதன் கடைசி எழுத்து அதைத்தான் குறிக்கிறது.

நல்ல பாதுகாப்பு நெறிமுறை எதுவும் மூன்று வேலைகளைச் செய்கிறது: எதிரில் இருப்பது யார் என்று உறுதிசெய்வது, இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சாவியை உருவாக்குவது, அந்தச் சாவியால் தகவலை யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டுவது. பூட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் அதிகம் சறுக்குவது முதல் வேலையில். திருடனோடு எவ்வளவு ரகசியமாகப் பேசினாலும் அவன் திருடன்தானே!

ரவுட்டர்: அதிக நேரம் இங்கேதான்

வீட்டில் யாரும் மேட்ச் பார்க்காத, மீட்டிங்கில் இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். நடுவில் எல்லாக் கருவிகளும் ஒருமுறை துண்டிக்கப்படும்.

ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் நிர்வாகப் பக்கத்தின் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), பயனர் பெயர், பாஸ்வேர்ட் மூன்றும் இருக்கும். உலாவியில் அந்த முகவரியைத் தட்டி உள்ளே போங்கள். ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வரக்கூடும். தான் யார் என்று காட்டும் சான்றிதழில் ரவுட்டர் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வதால் வரும் எச்சரிக்கை அது. உங்கள் வீட்டில், உங்கள் ரவுட்டரில் என்றால் மட்டும் தாண்டிப் போகலாம்.

உள்ளே போனதும் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது வைஃபை பாஸ்வேர்ட் இல்லை, ரவுட்டரையே ஆட்டிவைக்கும் பாஸ்வேர்ட். இணைப்புப் போட வந்தவர் வைத்துவிட்டுப் போனதையே பல வீடுகளில் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல் செய்தது என்ன தெரியுமா? தொலைவிலிருந்து கருவியை இயக்கும் டெல்நெட் எனும் பழைய நெறிமுறை திறந்திருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் இணையம் முழுக்கத் தேடி, தொழிற்சாலையில் வைக்கும் அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த எளிய வேலையிலேயே லட்சக்கணக்கான கருவிகள் சிக்கின. அவற்றை ஏவி அந்த ஆண்டு அக்டோபரில், பல தளங்களின் பெயருக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் திணறடித்தபோது, அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் திறக்கவில்லை.

அப்படியே ரவுட்டரில் டெல்நெட், ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்ற பெயர்கள் தென்பட்டால் இரண்டையும் அணைத்துவிடுங்கள். வெளியூரிலிருந்து உங்கள் ரவுட்டரின் செட்டிங்ஸை மாற்ற வேண்டிய தேவை உங்களுக்கு வரப்போவதில்லை.

அடுத்தது டபிள்யூபிஎஸ். பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ பாஸ்வேர்ட் இல்லாமல் வைஃபையில் சேரும் வசதி இது. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி சேர்க்கைகள், ஊகித்துப் பிடிக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாக வெட்டிச் சோதிக்கிறது. முதல் நான்கு இலக்கம் தவறென்றால் உடனே சொல்லிவிடும். ஆக முதல் பாதிக்கு 10,000 முயற்சி போதும். இரண்டாம் பாதியின் கடைசி இலக்கம் மற்ற ஏழையும் வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்பு எண். மீதி மூன்று இலக்கத்துக்கு 1,000 முயற்சி. மொத்தம் 11,000! 10 கோடி எங்கே, 11 ஆயிரம் எங்கே? ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார். உங்கள் வைஃபை பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்த வழியாக வருபவருக்கு அது தடையே இல்லை. டபிள்யூபிஎஸ் அணையுங்கள். பொத்தான் முறையை மட்டும் வைத்துக்கொண்டு எண் முறையை அணைக்கும் வசதி சில ரவுட்டர்களில் உண்டு. எனக்குக் கேட்டால் இரண்டும் வேண்டாம்.

இப்போது வைஃபை பாதுகாப்பு வகை. பட்டியலில் வரிசையாக வெப் (WEP), டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்று இருக்கும். வெப் 1997-ல் வந்தது, 2001-லேயே உடைந்தது. டபிள்யூபிஏ என்பது 2003-ல் அவசரத்துக்குப் போட்ட ஒட்டு. அது பயன்படுத்திய ‘டிகேஐபி’ எனும் பழைய பூட்டுமுறை இன்னும் சில ரவுட்டர்களில் ‘டிகேஐபி பிளஸ் ஏஇஎஸ்’ என்று கலப்பாக நிற்கிறது. அப்படி இருந்தால் ஏஇஎஸ் மட்டும் என்று மாற்றுங்கள். வேகமும் கூடும், ஏனென்றால் டிகேஐபி இருந்தால் புதிய வைஃபை வேகங்கள் வேலை செய்யாது.

டபிள்யூபிஏ2-வில் குறியாக்கம், அதாவது தகவலுக்குப் போடும் பூட்டு, வலுவானதுதான். அதன் பலவீனம் வேறிடத்தில். இணையும்போது உங்கள் ஃபோன் ரவுட்டரோடு கைகுலுக்கும் அந்த ஒரு கணத்தை, தெருவில் நிற்பவர் தன் மடிக்கணினியில் பதிவு செய்துகொள்ளலாம். அதற்காக மணிக்கணக்கில் காத்திருக்கக்கூட வேண்டாம். ‘வெளியே போ’ என்று ரவுட்டர் சொல்வதைப் போலப் போலிச் செய்தி ஒன்றை அனுப்பினால் ஃபோன் துண்டித்துக்கொண்டு மறுபடியும் கைகுலுக்கும். பதிவை வீட்டுக்கு எடுத்துப்போய், ஒவ்வொரு பாஸ்வேர்டாகக் கணினியில் போட்டு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். அது நடப்பது உங்கள் ரவுட்டருக்குத் தெரியாது.

அப்படியானால் எந்தப் பாஸ்வேர்ட் தாங்கும்? நம் ஊரில் பாதி வீடுகளில் வைஃபை பாஸ்வேர்ட் வீட்டுக்காரரின் கைப்பேசி எண்தானே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில் தொடங்கும், பிறகு ஒன்பது இலக்கம். மொத்தம் 400 கோடி. உயர்ரக கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்கு 10 லட்சம் ஊகங்களைச் சோதிக்கும். 400 கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 4,000 நொடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடம். எந்த எண்ணாக இருந்தாலும் அதற்குள் மாட்டிவிடும். பிறந்த தேதி என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதுங்கள். பலாப்பழம், தண்டவாளம், கொலுசு, எருமை என்பதுபோல. (இதையே வைத்துவிடாதீர்கள்.) பாஸ்வேர்ட் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம், தமிழ் எழுத்துகளை எல்லாக் கருவிகளும் ஏற்காது. 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து பகடை உருட்டி நான்கு சொல் எடுத்தால், அதே அட்டைக்கு எல்லாச் சேர்க்கைகளையும் முடிக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். பகடை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மனத்தில் தோன்றுவதை எடுத்தால் எல்லோருக்கும் அம்மா, முருகன், சென்னை என்றுதான் தோன்றும்.

2018-ல் வந்த டபிள்யூபிஏ3 இந்தப் பதிவு செய்து எடுத்துப்போகும் வழியையே அடைத்துவிட்டது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரோடு நேரடியாகப் பேசியாக வேண்டும், போலியான ‘வெளியே போ’ செய்தியையும் அது ஏற்பதில்லை. முதல் ஆண்டிலேயே அதிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு மென்பொருள் திருத்தங்கள் வந்தன. ஆனாலும் டபிள்யூபிஏ2-வைவிட எவ்வளவோ மேல். உங்கள் ரவுட்டரில் அது இருந்தால் தேர்ந்தெடுங்கள். சிக்கல் என்னவென்றால், பழைய டிவியோ பிரிண்டரோ சேராது. அதற்காக ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்ற கலப்பு முறை இருக்கிறது. கலப்பில் வைத்தால் பழைய கருவிகளின் கைகுலுக்கலை இன்னும் பதிவு செய்யலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே கலப்பில் வைத்தால் நல்ல பாஸ்வேர்ட் கட்டாயம்.

முடிந்தால் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ ஒன்றைத் திறந்து டிவி, கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாவற்றையும் அதில் தள்ளுங்கள். நான்கு ஆண்டாக அப்டேட் வராத கேமராவும் உங்கள் மடிக்கணினியும் ஒரே அறையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கடைசியாக, ரவுட்டரின் மென்பொருளுக்கு அப்டேட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

ஃபோனும் டவரும்

2ஜி என்பது 1991-ல் ஃபின்லாந்தில் முதல் அழைப்புப் போன ஜிஎஸ்எம் தொழில்நுட்பம். அதில் ஃபோன், தான் யார் என்று டவருக்கு நிரூபிக்க வேண்டும். டவர் ஃபோனுக்கு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. குறியாக்கம் வேண்டுமா வேண்டாமா என்பதையும் டவரே சொல்லும். ‘வேண்டாம்’ என்று சொன்னால் ஃபோன் சரி என்று தலையாட்டும். 3ஜியிலிருந்து இருபக்கமும் நிரூபித்தாக வேண்டும் என்று ஆனது. ஆனால் ஃபோனில் 2ஜி இன்னும் இருக்கிறதே! பக்கத்தில் நல்ல சிக்னல் கிடைக்கவில்லை என்று நம்ப வைத்தால் அது 2ஜிக்கு இறங்கிவிடும்.

இதை வைத்து ஒரு தொழிலே நடக்கிறது. பையிலோ காரிலோ வைத்த சிறு போலி டவர், சுற்றியுள்ள ஃபோன்களை 2ஜிக்கு இழுத்து, எந்த வங்கியின் பெயரிலும் எஸ்எம்எஸ் தள்ளும். கைப்பேசி நிறுவனத்தின் வழியாகவே போகாததால் அவர்களுடைய மோசடித் தடுப்பு எதுவும் அதைப் பார்ப்பதில்லை. வங்கியின் உண்மையான செய்திகள் இருக்கும் அதே வரிசையில் போலியும் போய் உட்கார்ந்துகொள்ளும். லண்டனில் 2024-ல் இப்படி ஒரு கருவியை வைத்து ஆயிரக்கணக்கான எஸ்எம்எஸ் அனுப்பியதாக இருவரைப் போலீசார் கைது செய்தார்கள்.

ஆண்ட்ராய்டில் 12-ஆம் பதிப்பிலிருந்து, வன்பொருள் இடம் கொடுக்கும் ஃபோன்களில், சிம் செட்டிங்ஸுக்குள் ‘அலோ 2ஜி’ என்றொரு பொத்தான் இருக்கும். அதை அணைக்க வேண்டும். எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைக் காட்டுவதில்லை. சிலவற்றில் ‘விருப்ப நெட்வொர்க் வகை’யில் 2ஜி இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். ஐஃபோனில் தனிப் பொத்தான் கிடையாது. ஐஓஎஸ் 17 முதல் ‘லாக்டவுன் மோட்’ போட்டால் 2ஜி நிற்கும். ஆனால் அது இன்னும் பல வசதிகளையும் சேர்த்து நிறுத்தும், சாதாரணப் பயனாளிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அணைப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, 2016-ல் தொடங்கியதிலிருந்தே 4ஜிதான். அந்த சிம் மட்டும் வைத்திருப்பவர் தயங்க வேண்டியதில்லை. ஏர்டெல் தன் 3ஜியை மூடிவிட்டது. அதனால் 4ஜி வழியாகவே பேச வைக்கும் ‘வோல்ட்டி’ இயங்காத ஃபோனில் அழைப்புகள் 2ஜியில்தான் போகும். முதலில் வோல்ட்டியைப் போட்டு, ஓர் அழைப்பு செய்து பார்த்து, பிறகு 2ஜியை அணையுங்கள். மலைப்பக்கமோ 4ஜி சரியாக எட்டாத கிராமமோ போனால் தற்காலிகமாகத் திரும்பப் போட வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டில் அந்தப் பொத்தானை அணைத்தாலும் அவசர அழைப்புக்கு 2ஜி கிடைக்கும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்த யோசனையே வேண்டாம், அங்கே 2017 ஏப்ரலில் 2ஜியை மூடிவிட்டார்கள். ஆனால் போலி டவர் அதையெல்லாம் பார்க்காதே, பொத்தானை அங்கேயும் அணைத்து வைப்பதுதான் நல்லது.

அடுத்து சிம் பின். ஃபோன் தொலைந்தால் திரைப்பூட்டு அதைக் காக்கும். ஆனால் சிம்மைக் கழற்றி வேறு ஃபோனில் போட்டால் ஓடிபிக்கள் எல்லாம் அங்கே வரும். சிம் பின் போட்டிருந்தால் வராது. இதைப் போடும்போது, ஏற்கெனவே உள்ள பின்னைக் கேட்கும். அது நிறுவனம் வைத்தது. ஊகித்து அடிக்காதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, பூட்டைத் திறக்கும் ‘பக்’ (PUK) எண் கேட்கும். பக் எண்ணையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும், புதியது வாங்க வேண்டியதுதான். சிம் வந்த அட்டையிலோ வாடிக்கையாளர் சேவையிலோ எண்ணைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். இப்போதே *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எனும் ஃபோனின் அடையாள எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்தியாவில் தொலைந்த ஃபோனை ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் முடக்க அது தேவைப்படும்.

உலாவியின் எச்சரிக்கைகள்

டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்புகளை அணைக்கும் வேலையை உலாவிகள் நமக்காகவே செய்துவிட்டன. 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன. இப்போது இருப்பது 2008-ன் 1.2, 2018-ன் 1.3. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். குரோமில் ‘ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்‌ஷன்ஸ்’, ஃபயர்ஃபாக்ஸில் ‘ஹெச்டிடிபிஎஸ்-ஒன்லி மோட்’ என்பதைப் போட்டுவிடுங்கள். பூட்டில்லாத பழைய முகவரி எதையாவது திறக்கப் போனால் முதலில் உங்களைக் கேட்கும்.

பூட்டுச் சின்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முகவரியில் எழுதியிருக்கும் அந்தத் தளத்தோடுதான் பேசுகிறீர்கள், நடுவில் யாரும் படிக்கவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். அந்தத் தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது. சான்றிதழ் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது, மோசடித் தளங்களும் வாங்கிக்கொள்கின்றன. பூட்டைப் பார்த்து மக்கள் ஏமாறுகிறார்கள் என்பதாலேயே 2023-ல் குரோம் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது. ஆகவே படிக்க வேண்டியது முகவரியை. அதுவும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் வரும் கடைசிப் பகுதியை. உங்கள் வங்கியின் பெயர் முன்னால் வந்து, புள்ளிக்குப் பின்னால் வேறு ஏதோ பெயர் இருந்தால் அந்த வேறு பெயர்க்காரர்தான் தளத்தின் சொந்தக்காரர்.

சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் முதலில் ஃபோனின் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கி எழுந்த ஃபோன்களில் சில சமயம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும், எல்லாச் சான்றிதழும் தவறாகத் தெரியும். தேதி சரியாக இருந்தும் வங்கித் தளத்தில் எச்சரிக்கை வந்தால், அது பொது வைஃபையாக இருந்தால், துண்டித்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயலுங்கள். ‘எப்படியும் தொடர்’ என்ற இணைப்பை அங்கே தொடவே கூடாது.

இன்னொன்று, பலர் எட்டிப் பார்க்காத இடம். ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு செட்டிங்ஸுக்குள் ‘டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்’ என்று தேடி, ‘யூசர்’ என்ற பக்கத்தைத் திறங்கள். அது காலியாக இருக்க வேண்டும். அலுவலகம் கொடுத்த ஃபோன் என்றால் அலுவலகத்தின் சான்றிதழ் இருக்கலாம். உங்கள் சொந்த ஃபோனில் தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் நீக்குங்கள். அந்தச் சான்றிதழின் சொந்தக்காரர் உங்கள் உலாவி பேசுவதை நடுவில் நின்று திறந்து படிக்க முடியும்.

டிஎன்எஸ் பற்றிச் சுருக்கமாக. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் அந்தக் கேள்வி, வழக்கமாகப் பூட்டில்லாமல் போகிறது. ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற இடத்தில் கூகுள், கிளவுட்ஃபிளேர், குவாட்9 போன்றவை தங்கள் தளங்களில் கொடுத்திருக்கும் பெயரை இட்டால் அதுவும் பூட்டப்படும். ஹோட்டல், ரயில் நிலைய வைஃபைகளில் நுழைவுப் பக்கம் திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் இதை அணைத்துப் பாருங்கள்.

ஓடிபியை எஸ்எம்எஸ்ஸிலிருந்து நகர்த்துங்கள்

கைப்பேசி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற நெறிமுறை 1970-களில் வடிவமைக்கப்பட்டது. உள்ளே இருப்பவர் எல்லோரும் நல்லவர்கள் என்பது அதன் அடிப்படை. 2017-ல் ஜெர்மனியில் அதைப் பயன்படுத்தி, வாடிக்கையாளர்களுக்குப் போக வேண்டிய வங்கி எஸ்எம்எஸ்களைத் திருப்பி எடுத்துக் கணக்குகளைக் காலி செய்தார்கள். நகல் சிம் வாங்குவது அதைவிட எளிது, தொழில்நுட்பமே வேண்டாம்.

வங்கி எஸ்எம்எஸ்தான் அனுப்புவேன் என்றால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மின்னஞ்சலை மாற்றலாம், அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மற்ற எல்லாக் கணக்கின் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ செய்தியும் வந்து விழுவது அங்கேதான். ஆத்தென்டிகேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, திரையில் வரும் கட்டத்தை ஸ்கேன் செய்தால், 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் கிடைக்கும். அது ஃபோனுக்குள்ளேயே நேரத்தையும் ஒரு ரகசியத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவது, சிக்னல் இல்லாவிட்டாலும் வரும், சிம் யார் கையில் இருந்தாலும் பாதிப்பில்லை.

ஆனால் அந்த எண்ணையும் போலித் தளத்தில் நீங்களே தட்டிக் கொடுத்துவிட முடியும். அதற்கும் தீர்வாக வந்ததுதான் பாஸ்கீ. ஃபோனில் உருவாகும் சாவி குறிப்பிட்ட தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். ஓர் எழுத்து மாறிய போலி முகவரியில் அந்தச் சாவி வெளியே வரவே வராது. நீங்கள் ஏமாந்தாலும் ஃபோன் ஏமாறாது. மின்னஞ்சல் கணக்கில் பாஸ்கீ கிடைக்கிறதென்றால் அதையே போடுங்கள். போட்ட பிறகு, மீட்புக்கான எஸ்எம்எஸ் வழி இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் வருபவர் அந்த வழியாகத்தான் வருவார். அதை நீக்குவதற்கு முன் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள். ஃபோனிலேயே புகைப்படமாக வைத்தால் ஃபோனோடு அதுவும் போய்விடும்.

கணினியில் இரண்டே இரண்டு

விண்டோஸில் ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ பட்டியலைத் திறந்து ‘எஸ்எம்பி 1.0’ என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்க மருத்துவமனைகளைக்கூட நிறுத்திய வானாக்ரை எனும் தீநிரல் பரவியது இந்தப் பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாகத்தான். திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். புதிய விண்டோஸில் இது தானாக வராது. ஆனால் சிறு அலுவலகங்களில், பழைய ஜெராக்ஸ் இயந்திரம் ஸ்கேன் செய்த கோப்பைக் கணினியில் சேர்ப்பதற்காக யாராவது திரும்பப் போட்டிருப்பார்கள். அந்த இயந்திரத்தை மின்னஞ்சலுக்கோ பென்டிரைவுக்கோ அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ரிமோட் டெஸ்க்டாப். வீட்டிலிருந்து அலுவலகக் கணினியைத் திறக்க வேண்டுமென்று ரவுட்டரில் 3389 என்ற ‘போர்ட்’டை, அதாவது வாசலை, இணையத்துக்கு நேராகத் திறந்துவிடுவார்கள். பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் கும்பல்கள் தேடித் திரிவது அதைத்தான். வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் ரவுட்டரிலேயே வயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து உள்ளே வரப் பூட்டிய தனிப்பாதை) இருக்கிறதா பாருங்கள். ‘பிபிடிபி’ என்ற விபிஎன் வகையும் பட்டியலில் இருக்கும், அது 2012-லேயே முழுதாக உடைக்கப்பட்டது. தொடாதீர்கள்.

விளம்பரத்தில் வரும் விபிஎன் நிறுவனங்கள் வேறு கதை. உங்கள் இணைய நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும், நம்பிக்கை இடம் மாறுகிறது. இந்தியாவில் 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதனால் சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போயின. இலவச விபிஎன் எப்படிச் செலவைச் சமாளிக்கிறது என்று கேட்டுப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்களுக்கு

வலைத்தளத்துக்காகவோ கற்றுக்கொள்ளவோ சிறு லினக்ஸ் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும்.

அதற்குள் தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்ஹெச் எனும் நெறிமுறையைப் பயன்படுத்துவீர்கள். டெல்நெட்டில் பாஸ்வேர்ட் அப்படியே பூட்டில்லாமல் போனது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் அப்படிப் பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகு, அங்கிருந்த தாத்து இலோனன் 1995-ல் எழுதியது இது. முதல் தடவை இணையும்போது, ‘இந்த சர்வரை எனக்குத் தெரியாது, இதன் கைரேகை இது, தொடரலாமா?’ என்று நீளமான எழுத்துக்கோவையைக் காட்டிக் கேட்கும். எல்லோரும் படிக்காமல் ‘யெஸ்’ அடிக்கும் இடம் இது. வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் வலைப்பக்கத்தில் ‘கன்சோல்’ என்றிருக்கும். அதைத் திறந்து, சர்வரின் உண்மையான கைரேகையைப் பார்த்து, முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் மட்டுமல்லாமல் முழுவதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒருமுறைதான் செய்ய வேண்டும், அடுத்த தடவையிலிருந்து உங்கள் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னால் ஒருநாள் ‘கைரேகை மாறிவிட்டது’ என்று கத்தினால், சர்வரை நீங்கள் புதிதாக நிறுவியிருக்க வேண்டும். இல்லையென்றால் இணைக்காதீர்கள்.

பிறகு உங்கள் கணினியில் இடி25519 வகைச் சாவி ஜோடி ஒன்றை உருவாக்கி, பொதுச்சாவியை சர்வரில் சேருங்கள். தனிச்சாவிக்கு ஒரு கடவுத்தொடர் வையுங்கள், அது யாருக்கும் எங்கும் போகக்கூடாது. சாவியோடு நுழைய முடிகிறது என்று உறுதியானதும், சர்வரின் எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்ட் வழி நுழைவை ‘நோ’ என்று மாற்றுங்கள். இணையத்தில் எந்த சர்வரைத் திறந்து வைத்தாலும் சற்று நேரத்திலேயே யாரோ எங்கிருந்தோ பாஸ்வேர்டுகளை ஊகித்துக்கொண்டிருப்பது பதிவேட்டில் தெரியும். இதற்குப் பிறகு அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கலாம், பதில் கிடைக்காது.

இந்த மாற்றத்தைச் செய்யும்போது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் முனையச் சாளரத்தை மூடிவிடாதீர்கள். சேவையை மறுதொடக்கம் செய்து, இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் பழையதை மூடலாம். முடியவில்லை என்றால் திறந்திருக்கும் சாளரத்திலிருந்தே அந்த ஒரு வரியைத் திருப்பி மாற்றிவிட்டு, பொதுச்சாவி சரியான பயனரின் கோப்புறையில் இருக்கிறதா, அந்தக் கோப்புறைக்கு மற்றவர்கள் எழுதும் உரிமை இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.